சனிக்கிழமைகளில் கிளம்பாத கார்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷத்தில், இலங்கையில் தெல்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கார் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் துரை, மற்றவர் தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரியகங்காணி ராஜலிங்கம். துரையின் கார் பழசு. முன்னால் குனிந்து கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். கங்காணியின் காரில் செல்ஃப் இருந்தது. உட்கார்ந்தபடியே காலால் ஒரு பித்தானை மிதித்தால் போதும், இஞ்சின் ஓடத் தொடங்கிவிடும். வெள்ளைக்காரனே குனிந்து சுற்றுகிறான், நாமோ உட்கார்ந்து மிதிக்கிறோம் என்று கங்காணிக்கு இருந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. உண்மையில் அந்தப் பித்தானை அவர் ஒரு நாளும் மிதித்ததில்லை. மிதித்தவன் அழகமுத்து. இது அவனுடைய கதை. ஆனால் கங்காணியை ஒதுக்கிவிட்டு அந்தத் தோட்டத்தில் யாருடைய கதையையும் சொல்ல முடியாது.

அழகமுத்து பிறந்தது கீழ்லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில் ஆகக் கீழே இருந்த வரிசையில். தாய் கொழுந்து எடுத்தாள், தகப்பன் புல்லு வெட்டினான். அவனும் புல்லுதான் வெட்டியிருப்பான். தொழிற்சாலை லொறிக்கு மூட்டை ஏற்றப் போனவன் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே சுற்றிச் சுற்றி, மூன்று வருஷத்தில் ஓட்டப் பழகி, கண்டிக்குப் போய்ச் சோதனை கொடுத்து லைசன்ஸும் வாங்கிவிட்டான். அந்தக் கடுதாசியை அவன் மனைவி வேலாயி தன் கூறைச்சேலைக்குள் சுற்றித் தகரப்பெட்டியில் வைத்திருந்தாள். கீழ்லயத்தில் எழுத்துள்ள கடுதாசி அது ஒன்றுதான்.

கீழ்லயத்துக்காரர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குள் போகக்கூடாது. வாசலுக்கு எதிரே உள்ள கொய்யாமரத்தடியில் நிற்கவேண்டும். வாசலிலிருந்து கொய்யாமரத்துக்கு ஒன்பது எட்டு. கோயில் தருமகர்த்தா என்ற முறையில் கங்காணியே தன் காலால் அளந்து வைத்த கணக்கு அது. பூசை முடிந்ததும் பண்டாரம் அங்கே வந்து, நீட்டிய கைகளில் திருநீற்றை மேலிருந்து போடுவார். கை படாது. அதில் பண்டாரத்துக்கு நல்ல பழக்கம். ஒரு துகள்கூடக் கீழே சிந்தாது.

இப்படிப்பட்ட கங்காணி கீழ்லயத்து ஆளைக் காரோட்டியாக வைத்தது எப்படி என்று கேட்கலாம். முதலில் தன் சொந்தக்காரர் இரண்டு பேரைத்தான் வைத்துப் பார்த்தார். ஒருவன் காரை ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கினான். இன்னொருவன் கலஹா வளைவில் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவதாக அழகமுத்துவைக் கூப்பிட்டபோது கங்காணி ஒரு நியாயம் கண்டுபிடித்தார். கார் சீமையில் செய்தது, மாடு தின்கிறவன் செய்தது, இனி அதில் புதிதாகத் தீட்டு ஏற என்ன இருக்கிறது? இருந்தாலும் வாரத்துக்கொரு முறை கழுவிவிட்டால் நல்லது. ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் அழகமுத்து காரைக் கழுவித் துடைத்துக் கங்காணி வீட்டுக் கொட்டகையில் விடுவான். அவன் கேட்டுக்கு வெளியே போன பிறகு, அவன் துடைத்ததைக் கங்காணி மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைப்பார். அப்புறம் பூசை. மறுநாள் காலை கங்காணி கூப்பிடும்வரை அழகமுத்து காரைத் தொடக்கூடாது.

சனிக்கிழமைதான் கங்காணி கண்டிக்குப் போகிற நாள். கிளம்புகிற நேரத்தையும் அவர் யோசித்துத்தான் வைத்திருந்தார். காலையில் பெரட்டுக்களத்தில் இருநூறு பேர் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் நேரம் அது. வெள்ளைத் தலைப்பாகையோடு வந்து பின்சீட்டில் ஏறுவார். அழகமுத்து பித்தானை மிதிப்பான். இஞ்சின் உறுமும். இருநூறு பேரும் வழிவிடுவார்கள். கங்காணி யாரையும் பார்க்கமாட்டார். ஆனால் தன்னைப் பார்க்காதவர்கள் யார் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அழகமுத்து பித்தானை மிதித்தான். டக் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். மறுபடி மிதித்தான். மறுபடியும் டக். ஹோர்ன் அடித்துப் பார்த்தான், அடித்தது. விளக்கைப் போட்டான், எரிந்தது. செல்ஃப் மட்டும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் கைப்பிடியை எடுத்துக்கொண்டு முன்னால் போய்க் குனிந்து சுற்றினான். துரையின் காரைப்போலவே! கொழுந்துப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். கங்காணி பின்சீட்டில் இருந்தபடி, மழை வருமா என்று பார்க்கிறவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. தோட்டத்தில் அறிவாளிகளுக்கா பஞ்சம்? பெரிய கிளாக்கர் இராமகிருஷ்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், தெரியாது என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொல்லும் தெரிந்தவர். காரைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "உது பற்றறி கிழடு பட்டிட்டுது. புதுசு ஒண்டு போடவேணும்" என்றார். புது பேட்டரி வந்தது. புதுசும் அடுத்த சனிக்கிழமை டக் என்றது. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுக்கும் ஐயா, இது குளிரால் வருவது என்று தீர்ப்புச் சொன்னார். தேயிலை விலை விழுந்துவிட்டது என்று அந்த வருஷம் லயங்களுக்குக் கம்பளி கொடுக்கவில்லை. காருக்கு இரண்டு கம்பளி கொடுத்தார்கள். பண்டாரமோ துரைசாணியின் கண்பட்டுவிட்டது என்றார். அதற்குத் துரைசாணியின் காலடி மண் வேண்டும். அதை யார் போய் எடுப்பது? துரை காரின் சக்கரத்தடி மண்ணை எடுத்துச் சுற்றிப்போட்டார்கள். மண் தப்பு மண் என்பதால்தான் பலிக்கவில்லை என்று பண்டாரம் கடைசிவரை நம்பினார்.

அறிவாளிகள் எல்லாரும் சொல்லித் தீர்ந்த பிறகு மிச்சம் இருந்தது அழகமுத்து ஒருவன்தான். அப்படியானால் குற்றவாளி அவனாகத்தானே இருக்கவேண்டும்?

சித்திரை பிறந்த பின் ஒரு சனிக்கிழமை. அன்று கைப்பிடிக்கும் கார் மசியாமல், பத்துப்பேர் தள்ளிக் கிளப்பினார்கள். கலஹா தாண்டியதும் கங்காணி முன்னால் சாய்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"வர்ற சனிக்கெழம தொரை லீவுல சீமைக்குப் போறாரு. அவரு காரு வொர்க்சாப்புல கெடக்கு. கண்டி டேசனுக்கு நம்ம காருலதான் போறேன்னு நேத்து சொல்லிட்டாரு. நம்ம காருலடா!"

"சரிங்க சாமி."

"கொழும்புல கப்பலு நமக்காக நிக்காது. அன்னிக்கு மட்டும் இது டக்குன்னுச்சு, ஒம் பேர வெட்டிருவேன். ஒம் பொஞ்சாதி பேரையும் சேத்து."

அந்த வருஷம் பேர் வெட்டுவது விளையாட்டுப் பேச்சு இல்லை. தோட்டத்துப் பேர்ப்பட்டியலான செக்ரோலில் பேர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும். அப்படிப் போனவர்களை மூட்டை முடிச்சோடு தலைமன்னாருக்கு ரயிலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அழகமுத்து இந்தியாவைக் கண்டதில்லை. அங்கே அவனுக்குத் தெரிந்த ஒரு மனிதன் இல்லை, ஒரு மரம்கூட இல்லை. அவன் மிகவும் பயந்துபோனான்.

கண்டியில் கங்காணியைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, காரை நேரே கட்டுகஸ்தோட்டைக்கு விட்டான். பாலத்துக்கு இந்தப் பக்கம் மர்சூக் நானாவின் பேட்டரிக் கடை இருந்தது. பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதில் கண்டிப் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அந்தப் பேரை முதலில் சொன்னவரும் அவர்தான். தை மாதத்தில் ஒருநாள் கங்காணியும் கூட வந்திருந்தபோது, காரின் காலடிப் பலகையைத் தூக்கிப் பேட்டரியைக் காட்டி, "கங்காணியார், காருட சக்தி முழுக்க இந்தப் பெட்டிக்குள்ளதான் ஈக்கி" என்று பெருமையாகச் சொன்னவர். கங்காணி அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"செல்லுங்க டைவர், என்ன வருத்தம்?" என்றார் மர்சூக்.

"ஸ்டாட் ஆக மாட்டேங்குதுங்க நானா."

மர்சூக் ஏறி உட்கார்ந்து பித்தானை மிதித்தார். கார் ஒரே மிதியில் கிளம்பியது. அழகமுத்துவுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தக் கடை வாசலில் மட்டும் அது ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை.

மர்சூக் சிரிக்கவில்லை. மூடிகளைத் திறந்து, கண்ணாடிக் குழாயால் உள்ளே இருந்த திராவகத்தை உறிஞ்சி, அதில் மிதந்த முள்ளைப் பார்த்தார். "பேட்டரி நல்லம். நீங்க கழிச்சுப் போட்ட பழசும் நல்லம். அந்தா, என்ட கடை லைட்டு அதிலதான் எரியிது. காலையில ஹோர்ன் அடிச்சதா?"

"அடிச்சுதுங்க. லைட்டும் எரிஞ்சுது. செல்ஃப் மட்டும் டக்குன்னுட்டுப் படுத்துக்குது."

"அப்ப உள்ள சக்தி ஈக்கி, வெளிய வாற வழிலதான் என்னமோ அடைச்சீக்கி. ஹோர்னுக்கு ஒரு செம்புத் தண்ணி போதும். செல்ஃபுக்குக் குளிக்கிற பீலியில தண்ணி கொட்டுற மாதிரி ஓடணும். பீலி வாயில சாக்க அடைச்சா செம்பு நெறையும், குளிக்க ஏலாது. சரி, ஒவ்வொரு நாளுமா இப்பிடி?"

"இல்லீங்க. சனிக்கெழமதான்."

மர்சூக் கண்ணாடிக் குழாயைக் கீழே வைத்தார். "சனிக்கெழம மட்டுமா?"

"நீங்க கேக்கவுந்தான் நெனச்சுப் பாக்குறேன். சனிக்கெழம மட்டுந்தாங்க."

"பேட்டரிக்குக் கலண்டர் தெரியாது டைவர். கலண்டர் தெரிஞ்ச ஆரோதான் கை வெக்கிறாங்க. வெள்ளிக்கெழம என்ன நடக்குது?"

"பூசைங்க."

"பூசைல என்ன செய்வாங்க?"

"எனக்கு எப்பிடிங்க தெரியும்? நாந்தான் கேட்டுக்கு வெளிய நிப்பேனே."

மர்சூக் குரலைத் தாழ்த்தினார். "வாற வெள்ளிக்கெழம அவங்க போன பொறகு பலகையத் தூக்கிப் பாருங்க. முனையில என்ன ஈந்தாலும் அப்பச்சோடா போட்ட சுடுதண்ணியில கழுவி, ஈயம் மினுங்கிற மட்டும் சுரண்டி, இறுக்கிப் பூட்டுங்க. நான் சொன்னெண்டு மட்டும் செல்லாதீங்க. உங்கட கோயில் வேலைக்குள்ள இந்தச் சோனகன் வாய வெக்கப் போனா, என்ட கடை ஈக்காது."

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரம் பூசை முடிந்தது. கங்காணியும் பண்டாரமும் பொங்கல் சாப்பிட வீட்டுக்குள் போனார்கள். அழகமுத்து கேட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தான். ஒரு கையில் அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீர்ப் போத்தல், மறு கையில் வேலாயியின் தேங்காய் சுரண்டுகிற கத்தி. கொட்டகைக்குள் போய்க் காலடிப் பலகையைத் தூக்கினான். குப்பென்று சந்தனம் மணத்தது.

பேட்டரியின் மேல் கட்டைவிரல் பருமனில் இரண்டு ஈய முனைகள் நிற்கும். கம்பியின் வளையங்கள் அவற்றைக் கவ்வியிருக்கும். கங்காணி அந்த வளையங்களை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அபிஷேகத்துக்கு முன் அம்மனின் நகையைக் கழற்றுவது போல, காரோடு வந்த ஸ்பானரால் கழற்றியிருக்கிறார். முனைகளுக்கு விரல் கனத்தில் சந்தனக்காப்புச் சாத்தி, குங்குமம் வைத்து, ஆளுக்கொரு வில்வ இலையும் சொருகி, அதன்மேல் வளையங்களைப் பூட்டியிருக்கிறார். இரவில் அது காய்ந்து இறுகிவிடும். ஈயத்துக்கும் வளையத்துக்கும் நடுவே சந்தனச் சுவர்! கண்டிக்குப் போகிற இருபது மைல் குண்டுங்குழியில் வளையம் ஆடி ஆடி, அந்தச் சுவர் உதிர்ந்துவிடும். மர்சூக்கின் கடையில் கார் நல்லபிள்ளையாக நின்றதன் ரகசியம் இவ்வளவுதான். மிச்சம் மீதியை அவர் கண்டிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார். திராவகம் பட்ட குங்குமம் மஞ்சளாகிவிடும். பேட்டரி முனையில் பூக்கும் பொடியைப் போலத்தான் இருக்கும்.

அழகமுத்துவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இத்தனை சனிக்கிழமை குனிந்து சுற்றிய முதுகு, கேட்ட ஏச்சு, முந்தானைக்குள் சிரித்த பெண்கள், இந்தியாவுக்குக் கட்டவிருந்த மூட்டை, எல்லாம் இந்த ஒரு விரல் சந்தனத்துக்கா? என்னைக் கேட்டுக்கு உள்ளே விட்டிருந்தால் முதல் வெள்ளிக்கிழமையே பார்த்திருப்பேனே என்று நினைத்தான். ஆனாலும் சுரண்டுமுன் முனைகளைத் தொட்டு, கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள எடுத்தவன், திராவகம் என்று நினைவு வந்து நெஞ்சோடு நிறுத்திக்கொண்டான். சுரண்டியதைக் காலில் மிதிபடாமல் கொட்டகையோரத்துச் செம்பருத்தியின் வேரில் போட்டான். ஈயம் மினுங்கியது. வளையங்களை இறுக்கிவிட்டுப் போனான்.

கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்தி என்பது ஒரு நாளில் அடங்குகிற சமாச்சாரமா?

மறுநாள் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் இருநூறு பேரும் நின்றார்கள். துரையின் பெட்டிகள் வந்திறங்கிவிட்டன. துரை பங்களாவிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தார். கொட்டகை வாசலில் நின்ற அழகமுத்து திரும்பிப் பார்த்தபோது, கோட்டும் தலைப்பாகையுமாகக் கங்காணி வந்தார். ஒரு கையில் சந்தனக் கிண்ணம், மறு கையில் ஸ்பானர்.

"தள்ளிக்கடா. தொரை ஏறப் போறாரு. இன்னிக்குக் கூடுதலா ஒரு சாத்துச் சாத்திட்டா சக்தி நிக்கும்."

இன்றைக்கு ஈரச் சந்தனம், அதுவும் வளையத்தை ஈயத்தில் படவிடாது. கங்காணியின் கை வளையத்தை இறுக்குமா இறுக்காதா என்பதும் தெரியாது. சந்தனம்தான் குற்றம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே பேர் போகும். சொல்லாவிட்டால் பத்து நிமிஷம் கழித்துப் போகும். அழகமுத்து தள்ளி நிற்கவில்லை.

"சாமி, பொட்டிக்குள்ள இருக்கறது என்னாங்க?"

"ரெண்டு லிங்கம்டா. ஈயத்துல தானா வந்தது. எம்புட்டுச் சக்தி தெரியுமா? மர்சூக்கே வாயத் தொறந்து சொன்னான்."

"அப்ப அது மூலஸ்தானந்தானுங்களே?"

"மூலஸ்தானமேதான்."

"மூலஸ்தானத்துல கைங்கரியம் செய்றவரு ஒருத்தர்தான் போகணும், ஆளுக்கு ஆளு கை வச்சா சக்தி ஒதுங்கிரும்னு சாமிதான் கோயில்ல சொன்னீங்க. தருமகர்த்தா நீங்களே படிக்கு இந்தப் பக்கந்தான் நிக்கிறீங்க." அழகமுத்து அதோடு நிறுத்தவில்லை. "இதுக்குத் தண்ணி ஊத்தறது நானு. மூடி தொறக்கறது நானு. மிதிக்கறதும் நாந்தான். மாசியில இருந்து இதுமேல ரெண்டு ஆளு கை பட்டிருக்கு சாமி. அதான் வெள்ளி பூசை முடிஞ்சா சனி சக்தி ஒதுங்கிப் போகுது."

கங்காணி இதை இல்லை என்று சொல்வதென்றால் கோயில் சட்டத்தையும் இல்லை என்று சொல்லவேண்டும். அப்புறம் கொய்யாமரத்தடியில் யாரை நிற்கச் சொல்வது? ஒரு பக்கம் அவர் கட்டிக் காத்த சட்டம், மறுபக்கம் ஒரு பேட்டரி. துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டது. கங்காணி பேட்டரியை விட்டுக்கொடுத்தார்.

"அப்ப நான் எங்கடா நிக்கிறது?" என்றார்.

அழகமுத்துவுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "ஒம்பது எட்டுங்க சாமி."

பெரியகங்காணி ராஜலிங்கம் திரும்பி, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே நடந்தார். தப்பாமல் எண்ணினார். ஒன்பதாவது எட்டு அவரைத் தன் வீட்டு கேட்டுக்கு வெளியே, அழகமுத்து வழக்கமாக நிற்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே நின்று கையைக் கூப்பினார். அழகமுத்து சந்தனத்தில் பொட்டளவு எடுத்து, பானட்டுக்கு வெளியே ஒரு பொட்டு வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். துரையும் கங்காணியும் ஏறினார்கள். பித்தானை மிதித்தான்.

கார் முதல் மிதியிலேயே கிளம்பியது. இருநூறு பேரும் வழிவிட்டார்கள். "நல்ல கார், கங்காணி" என்று துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். கங்காணிக்குக் கண் கலங்கிவிட்டது. அழகமுத்துவுக்கும் கலங்கியது, ஆனால் அவன் ரோட்டைப் பார்க்கவேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கார் எந்தச் சனிக்கிழமையும் டக் என்று சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை பூசையை அழகமுத்துதான் செய்தான். பலகையைத் திறக்காமல், பானட்டுக்கு ஒரு பொட்டு, சூடம், அவ்வளவுதான். முடிந்ததும் திருநீற்றுத் தட்டோடு கேட்டுக்கு வெளியே வருவான். கங்காணி இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவார். அழகமுத்து மேலிருந்து போடுவான். பண்டாரத்திடம் அத்தனை வருஷம் வாங்கி வாங்கிப் பார்த்த பழக்கம். அவனும் ஒரு துகள் சிந்தமாட்டான். பிறகு தட்டை வைத்துவிட்டு, குளித்து, வேலாயியைக் கூட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போவான். அங்கே கொய்யாமரம் நட்ட இடத்திலேயே நின்றது. அவர்களும் அதன் அடியிலேயே நின்றார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டடியில் நின்று இதையெல்லாம் பார்த்திருந்த வேலாயிக்கு மனசு கேட்கவில்லை.

"ஏங்க, வயசான மனுசன். கொஞ்சம் கிட்டப் போயித்தான் குடுத்தா என்னவாம்?"

"கிட்டப் போனா தீட்டு."

"யாருக்குத் தீட்டு?"

"பேட்டரிக்கு" என்றான் அழகமுத்து.